செய்தவர்களே அஞ்சிய வேகம்

ஜெர்மனியில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைச் சொந்தமாக வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ ஆட்டோபானில் விரட்டும் நண்பர்களுக்கு,

ஷ்டுட்கார்ட், மியூனிக் பக்கம் வேலை பார்க்கும் நம்மூர்ப் பொறியாளர்களும் உங்களில் இருக்கிறீர்கள் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். உங்கள் வண்டிகள்மேல் எனக்குப் பொறாமை உண்டு, கோபம் துளியும் கிடையாது. ஒரு ஜாகுவார் ஈ-டைப்பையோ பழைய போர்ஷேயையோ ஷெட்டில் போட்டுத் துணியால் மூடி வைப்பதைவிட ரோட்டில் ஓட்டுவதுதான் நியாயம். எந்த வேகத்தில் ஓட்டுவது என்பதில்தான் நமக்குள் வழக்கு.

"இப்ப வர்ற வண்டியெல்லாம் கம்ப்யூட்டர் ஓட்டுது. அந்தக் காலத்து வண்டியிலதான் எல்லாமே ஓட்டுறவன் கையில இருக்கு" என்பது உங்கள் கட்சி. மணிக்கு 120, 130 கிலோமீட்டர் வரைக்கும் அதை ஒப்புக்கொள்கிறேன். 200-ஐத் தாண்டிய பிறகு அது உண்மையில்லை. அங்கே ஓட்டுபவர் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். மீதியெல்லாம் காற்றும் டயரும் சஸ்பென்ஷனும் முடிவுசெய்பவை. இதை நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம். அந்த வண்டிகளை வரைந்தவர்கள், விற்ற பிறகும் வருஷக்கணக்கில் உட்கார்ந்து எதை எதைத் திருத்தினார்கள் என்று பாருங்கள். அவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்பது அந்தத் திருத்தங்களில் அப்படியே இருக்கிறது.

போர்ஷே 911-லிருந்தே தொடங்குவோம், உங்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஆசை அதன்மேல்தான். 1963-ல் ஃப்ராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரோடு வந்த வண்டி. எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. மொத்த எடையில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு பின்சக்கரங்களின் மேல். பின்பாரம் ஏற்றிய மாட்டுவண்டியில் நுகத்தடி மேலே எழும்பும், மாட்டின் கழுத்துக்குப் பிடிமானம் போய்விடும் என்பது கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். 911-ன் முன்சக்கரங்களுக்கு நேர்வதும் அதுதான். வேகம் ஏற ஏற ஸ்டியரிங் லேசாகிக்கொண்டே போகும். ஓட்டுபவர் அதை 'ஸ்மூத்' என்று ரசிப்பார்!

போர்ஷே கண்ட முதல் வைத்தியம் என்ன தெரியுமா? முன் பம்பரின் இரண்டு முனைகளுக்குள்ளும் தலா 11 கிலோ வார்ப்பிரும்புக் கட்டி. எடை குறைப்பதையே பெருமையாகச் சொல்லும் கம்பெனி, 22 கிலோ இரும்பை ஒளித்து வைத்து வண்டியை விற்றது. அப்புறம் 1969 மாடலுக்கு முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரத்தை 2211 மில்லிமீட்டரிலிருந்து 2268 ஆக்கினார்கள்; ஒரு பேட்டரியை இரண்டாக்கி முன்பக்க மூலைகளுக்குத் தள்ளினார்கள். வெறும் 57 மில்லிமீட்டர், மூன்று விரல் அகலம். அந்த மூன்று விரலுக்காக ஒரு தொழிற்சாலை தன் அச்சுகளை மாற்றியது என்றால், பிரச்சினை சும்மா வதந்தியாக இருந்திருக்க முடியாது.

எடையையும் நீளத்தையும் சரிசெய்த பிறகும் இன்னொன்று பாக்கி இருந்தது. அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிரை வாங்குவது அதுதான்.

நீளமான இடது வளைவு. வேகம் 190. வண்டி தண்டவாளத்தில் ஏற்றிவிட்டது போலப் போகிறது, ஏனென்றால் ஆக்ஸிலரேட்டரில் கால் இருக்கிறது. பின்சக்கரங்களின் மேல் பாரம் அழுந்தியிருக்கிறது. முன்னால் எதையோ பார்த்துத் திடுக்கிட்டுக் காலை எடுக்கிறீர்கள். பிரேக்கைக்கூடத் தொடவில்லை, வெறுமனே காலை எடுத்தீர்கள், அவ்வளவுதான். எஞ்சினே பின்சக்கரங்களைப் பிடித்து இழுக்கிறது. பாரம் முன்னே நகர்கிறது. முன்டயர் ரோட்டைக் கவ்வுகிறது, பின்டயர் பிடியை விடுகிறது. போதாக்குறைக்கு, பின்சக்கரத்தைத் தாங்கும் கையின் ரப்பர் புஷ் அந்த இழுப்பில் நசுங்கி, சக்கரம் வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொள்கிறது. நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பாமலேயே பின்பக்கம் தானாகத் திரும்பத் தொடங்கியாயிற்று. அங்கே தொங்குவது வண்டியிலேயே கனமான பொருள். ஒரு தடவை சுழல ஆரம்பித்தால் அதை நிறுத்த ரொம்ப இடம் வேண்டும். 190-ல் வண்டி நொடிக்கு 53 மீட்டர் போகிறது. எதிர்ப்பக்கம் ஸ்டியரிங் ஒடித்துச் சமாளிப்பேன் என்பீர்கள். சமாளித்தவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் பந்தயத்தளத்தில், ஓரத்தில் மண்பரப்பு இருக்கும் இடத்தில்.

மனிதனுக்குப் பயம் வந்தால் கால் தானாக மேலே வரும். அது இயல்பு, எந்தப் பயிற்சியும் அதை முழுசாக அழிப்பதில்லை. போர்ஷேயின் பொறியாளர்களும் ஓட்டுபவரைத் திட்டிக்கொண்டு உட்காரவில்லை. 1977-ல் வந்த 928 காருக்கு, தங்கள் ஆராய்ச்சி மையம் இருந்த ஊரின் பெயரையே வைத்து 'வைஸாக் ஆக்ஸில்' என்றொரு பின் அமைப்பைச் செய்தார்கள். வளைவில் காலை எடுத்தால் பின்சக்கரம் வெளியே திரும்பாமல் உள்ளே திரும்பும், வண்டி நிலைகொள்ளும். உலகின் தேர்ந்த பந்தய ஓட்டுநர்களைக் கையில் வைத்திருந்த கம்பெனி, பயந்து காலை எடுக்கும் ஒருவரை மனதில் வைத்து ஒரு அச்சையே வடிவமைத்தது. 911-க்கு அந்த அளவுக்குத் தெளிவான பின்சஸ்பென்ஷன் 1993-ல் வந்த 993 மாடலில்தான் கிடைத்தது. முதல் வண்டி வந்து முப்பது ஆண்டு கழித்து! உங்களிடம் இருப்பது அந்த முப்பது ஆண்டுக்குள் எங்கே வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்து காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்று வண்டியைத் தூக்கும் விசை நான்கு மடங்காகும். 120-ல் தெரியவே தெரியாத தூக்கல் 240-ல் சக்கரத்தின் பாரத்தில் ஒரு நல்ல பங்கைத் தின்றுவிடும். அந்தக் காலத்து வடிவங்கள் பெரும்பாலும் காற்று தடுக்காமல் வழுக்கிப் போவதற்காக வரையப்பட்டவை. மேல்பக்கம் வளைந்து, அடிப்பக்கம் ஏறக்குறைய தட்டையாக இருக்கும் எந்தப் பொருளும் காற்றில் மேலே எழும்பத்தான் பார்க்கும். 1961-ல் ஜெனீவாவில் வந்து எல்லோரையும் மயக்கிய ஈ-டைப்பை வரைந்த மால்கம் சேயர், பிரிஸ்டல் விமானக் கம்பெனியில் வேலை பார்த்தவர். அந்த நீள மூக்கின் அழகை நானும் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் முழு வேகத்தில் அந்த மூக்கு மேலே தூக்கும். 'மணிக்கு 150 மைல்' என்று பத்திரிகைகள் சோதித்து எழுதியவை அதற்கெனத் தயார்செய்த வண்டிகள். ஷோரூமில் வாங்கியவருக்கு அந்த எண் அப்படியே வாய்க்கவில்லை.

லம்போர்கினி மியூரா இன்னொரு ரகம். 1966-ல் வந்தது, எஞ்சின் நடுவில் குறுக்காக, பெட்ரோல் டேங்க் முன் பானட்டுக்கு அடியில். டேங்க் நிரம்பியிருந்தால் மூக்கில் பாரம் இருக்கும். ஓட்ட ஓட்டப் பெட்ரோல் தீரும், மூக்கு லேசாகும், ஸ்டியரிங் இன்னும் கொஞ்சம் காற்றில் மிதக்கும். காலையில் ஓட்டிய அதே வண்டி சாயங்காலம் வேறு வண்டி.

911-ன் பின்பக்கத் தூக்கலுக்கு 1972 இலையுதிர் காலத்தில் வந்த கரேரா ஆர்எஸ் 2.7-ல் மருந்து கிடைத்தது. ஹெர்மன் பர்ஸ்ட், டில்மன் பிராட்பெக் என்ற இரண்டு பொறியாளர்கள் எஞ்சின் மூடியின் ஓரத்தை வாத்துவால் மாதிரி மேலே மடக்கினார்கள். பின்பக்கத் தூக்கல் பெருமளவு குறைந்தது. வேகமும் சற்றுக் கூடியது. 500 வண்டி விற்றால் போதும் என்று தொடங்கி 1,580 செய்தார்கள். அந்த வாலை இன்று அழகுக்கு ஒட்டிக்கொள்கிறவர்களும் உண்டு, அசிங்கம் என்று கழற்றுகிறவர்களும் உண்டு. இரண்டாம் வகையினர் வேகமாகப் போகாமல் இருந்தால் சரி.

பந்தய வண்டிகளுக்கே இந்தக் கதிதான். போர்ஷே 917 வந்த 1969-ல், நூர்பர்க்ரிங் பந்தயத்துக்குக் கம்பெனியின் சொந்த ஓட்டுநர்களே அதில் ஏறத் தயங்கினார்கள். வெளியிலிருந்து டேவிட் பைப்பரையும் ஃப்ராங்க் கார்ட்னரையும் கூப்பிட வேண்டியிருந்தது. அதே ஆண்டு லெ மான்ஸில் 917-ஐத் தன் சொந்தப் பொறுப்பில் ஓட்டிய ஜான் உல்ஃப் முதல் சுற்றிலேயே இறந்துபோனார். அக்டோபரில் ஆஸ்திரியாவின் ஸெல்ட்வெக் தளத்தில் சோதனை. ஜான் வயர் என்பவரின் பந்தய அணியைச் சேர்ந்த பொறியாளர் ஜான் ஹார்ஸ்மன், ஓடி வந்து நின்ற வண்டியைச் சுற்றிப் பார்க்கிறார். முன்பக்கம் எல்லாம் கொசு மாதிரிச் சின்னப் பூச்சிகள் மோதிச் செத்து ஒட்டியிருக்கின்றன. பின்வால் மட்டும் சுத்தமாக இருக்கிறது. பூச்சி ஒட்டவில்லை என்றால் அந்த இடத்தில் காற்றே படவில்லை. காற்றுப் படாத வால் எதை அழுத்தும்? அங்கேயே அலுமினியத் தகடு வெட்டி வாலை உயர்த்திக் கட்டினார்கள். வண்டி அடங்கியது. அடுத்த ஆண்டு அந்தக் குட்டை வால் 917-தான் ஹான்ஸ் ஹெர்மன், ரிச்சர்ட் அட்வுட் இருவர் கையில் லெ மான்ஸை வென்றது. போர்ஷேக்கு அங்கே கிடைத்த முதல் ஒட்டுமொத்த வெற்றி அது. உலகத்தரமான ஓட்டுநர்களால் அடக்க முடியாததை ஒரு தகடு அடக்கியிருக்கிறது. 'திறமை இருந்தால் எதையும் ஓட்டலாம்' என்று மேஜையைத் தட்டுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

மெர்சிடிஸ் 300 எஸ்எல் பற்றிச் சுருக்கமாக. கதவு இறக்கைபோல மேலே திறக்கும் அந்த 1954 வண்டியின் பின்சக்கரங்கள் டிஃபரன்ஷியலில் கீல் போட்டு ஆடுபவை. வளைவில் காலை எடுத்தால் பின்பக்கம் எழும்பும், சக்கரம் உள்ளே மடங்கி டயரின் ஓரத்தில் நிற்கும். 1957-ல் வந்த ரோட்ஸ்டரில் கீலை ஒன்றாக்கித் தாழ்த்தி அந்தக் குணத்தைக் குறைத்தார்கள். அந்த இறக்கைக் கதவு 'கல்விங்' வைத்திருப்பவர்கள் கோடீஸ்வரர்கள். நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1975-ல் வந்த 911 டர்போவுக்கு 'விதவையாக்கி' என்ற பட்டப்பெயர் உண்டு. அதை நீங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒன்றும் நடக்காது. ஒரு கணம் கழித்து டர்போ விழித்துக்கொண்டு மொத்தச் சக்தியையும் ஒரே மூச்சில் தரும், அநேகமாக நீங்கள் வளைவின் நடுவில் இருக்கும்போது. அது அன்றைய தொழில்நுட்பத்தின் குறை. குறைக்கு மாலை போட வேண்டாம்.

இப்போது டயருக்கு வருகிறேன். இதுவரை சொன்னதெல்லாம் ஐம்பது வருஷத்துக்கு முன் யாரோ எடுத்த முடிவுகள். டயர் உங்கள் பொறுப்பு. குனிந்து டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசியில், சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2315 என்றிருந்தால் 2015-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போங்கள். உங்கள் வண்டிகள் வருஷத்துக்குக் கொஞ்ச தூரம்தான் ஓடுகின்றன, அதனால் பட்டன் தேயாமல் புதுசுபோல இருக்கும். பட்டன் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் ஜெர்மன் சட்டத்துக்குத் திருப்தி. ரப்பருக்கு அது போதாது. ஓடினாலும் நின்றாலும் அது இறுகிக்கொண்டே போகும்.

2013 நவம்பரில் கலிபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அவர் நண்பர் ஓட்டிய கரேரா ஜிடி, உங்கள் வண்டிகளைவிட மிகப் புதியது. விசாரணையாளர்கள் காரணமாகச் சொன்னது வேகம்; மணிக்கு 130-லிருந்து 150 கிலோமீட்டர். ஆனால் அதே அறிக்கைகளில், அந்த டயர்களுக்கு வயது ஒன்பது என்றும் குறித்திருந்தார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 185/70 அளவு, 15 அங்குல டயர் 240 கிலோமீட்டரில் நொடிக்கு ஏறக்குறைய 33 தடவை சுற்றுகிறது. அந்தச் சுழற்சியில் விளிம்பில் இருக்கும் ஒவ்வொரு கிராம் ரப்பரும் 1.4 கிலோ எடைபோல வெளியே இழுக்கிறது. பன்னிரண்டு வயது ரப்பர் அதைத் தாங்குமா என்று பார்க்கும் சோதனைக் கருவியாக நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். டயரில் எழுதியிருக்கும் எச் என்றால் 210, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270 என்பதெல்லாம் சரியான காற்றழுத்தம் உள்ள நல்ல டயருக்கு. என் வழக்கம் பத்து ஆண்டில் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவது. வேகமாகப் போக ஆசை இருந்தால் ஆறிலேயே மாற்றுங்கள்.

பிரேக்கிலும் இதே சங்கதி. 240-லிருந்து நிறுத்த, 120-ஐப் போல நான்கு மடங்கு ஆற்றலை நான்கு சக்கரங்களிலும் சூடாக மாற்றியாக வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரக ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 155 டிகிரியே தகராறு. கொதித்தால் குழாயில் நீராவி, பெடல் தரை வரைக்கும் இறங்கும். ஷெட்டில் நிற்கும் வண்டியிலும் ஆயில் கெடும் என்பதை மெக்கானிக் சொன்னால், பில்லைக் கூட்டப் பார்க்கிறார் என்று நினைக்காதீர்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். கூடவே சஸ்பென்ஷன் புஷ், ஷாக் அப்சார்பர், வீல் பேரிங் எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள். பெயிண்ட்டுக்குச் செலவழிக்கும் பணத்தில் கால்வாசி இதற்குப் போதும்.

இத்தனையும் சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ரோட்டில் மற்றவர்கள் இருக்கிறார்களே! வலது லேனில் லாரி, சட்டப்படி 80-ல். அதன் பின்னால் மாட்டிக்கொண்ட ஒரு சின்னக் கார், முந்துவதற்காக 110-ல் இடது லேனுக்கு வருகிறது. நீங்கள் 220-ல், அதற்கு 100 மீட்டர் பின்னால். கண்டு, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி. அதற்குள் இடைவெளியில் 30 மீட்டர் போயிற்று. உலர்ந்த ரோடு, நல்ல டயர், பழைய வண்டிக்கு நியாயமான பிரேக் என்று வைத்தால் வேகத்தைச் சமமாக்க இன்னும் 67 மீட்டர். மிச்சம் மூன்று மீட்டர். வளைவாக இருந்தால் மிச்சமே இல்லை, ஏபிஎஸ்ஸும் இல்லை. அந்த ஓட்டுநரைக் குற்றம் சொல்லவும் முடியாது. கண்ணாடியில் அவர் பார்த்தது தாழ்வான ஒரு சின்ன உருவம், மங்கலான பழைய ஹெட்லைட். இது 220-ல் வரும் என்று அவர் எப்படி நினைப்பார்?

சட்டமும் உங்கள் பக்கம் முழுசாக இல்லை. ஆட்டோபானின் பெரும்பகுதியில் வேகவரம்பு கிடையாதுதான். ஆனால் 130 என்பது 1970-களிலிருந்து பரிந்துரைக்கப்பட்ட வேகம். 1992-ல் ஜெர்மன் கூட்டாட்சி உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின்படி, அதைத் தாண்டி ஓட்டியவர் விபத்தில் சிக்கினால், 130-ல் போயிருந்தாலும் இதே கதிதான் என்று அவர் நிரூபித்தாக வேண்டும். முடியாவிட்டால், தப்பு எதிராளியுடையதாக இருந்தாலும் நஷ்டத்தில் ஒரு பங்கு அவர் தலையில்.

அப்படியானால் அந்த வண்டியின் முழு வேகத்தைப் பார்க்கவே கூடாதா? பார்க்கலாம், அதற்கான இடத்தில். தென் இத்தாலியில் நார்டோவில் 12.6 கிலோமீட்டர் வட்டச் சோதனைப் பாதை இருக்கிறது. வெளி லேனில் 240 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பாமலே சுற்றிவரும் அளவுக்கு ரோட்டையே சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள். அது கம்பெனிகளின் இடம், உங்களுக்கும் எனக்கும் எளிதில் கிடைக்காது. கிளப்புகள் சேர்ந்து விமான ஓடுதளத்தை ஒருநாள் வாடகைக்கு எடுப்பது நடக்கிற காரியம். அங்கே வேகத்தைப் பத்துப் பத்தாக ஏற்றுங்கள். ஸ்டியரிங் எந்த எண்ணில் லேசாகிறது என்று குறித்து வையுங்கள். அந்த எண்தான் உங்கள் வண்டியின் எல்லை. மீட்டரில் அச்சடித்த கடைசி எண் இல்லை.

பொது ரோட்டில் ஓட்டும்போது சில பழக்கங்கள். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்காதீர்கள். வண்டி கொஞ்சம் அலையும், அலையட்டும், ஒவ்வொரு அசைவுக்கும் திருத்தப் போனால் அலைச்சல் கூடும். காலை எடுப்பதானால் வளைவுக்கு முன்பே, நேர்க்கோட்டிலேயே, மெதுவாக எடுத்துவிடுங்கள். வளைவுக்குள் சீரான மிதி. லாரியைத் தாண்டி வெளியே வரும் கணத்திலும், பாலத்தின் மேலும், காட்டுப்பாதை முடியும் இடத்திலும் பக்கக்காற்று அடிக்கும். ரோட்டோரக் காற்றுப்பை எந்தப் பக்கம் உப்பியிருக்கிறது என்று முன்கூட்டியே பாருங்கள். மழை என்றால் பேச்சே இல்லை.

கடைசியாக, உங்களில் வண்டியை வாடகைக்கு விடுபவர்களுக்கும் நண்பர்களுக்கு ஓட்டக் கொடுப்பவர்களுக்கும். சாவியைத் தரும் முன் டயரின் வருஷத்தையும் பிரேக் ஆயில் மாற்றிய தேதியையும் அவரிடம் சொல்லுங்கள். வளைவுக்குள் காலை எடுக்கக் கூடாது என்பதைச் சொல்வதோடு நிறுத்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து 80-ல் ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள். எடுத்த எடுப்பில் "எவ்வளவு போகும்?" என்று கேட்கிறவருக்கு அன்றைக்குச் சாவி வேண்டாம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்